கம்ப்ரஷன் டெஸ்ட் சீட்டைப் படிப்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏற்காடு அடிவாரத்திலிருந்து சேலம் நகருக்குள் வரும் சாலையில் பட்டறை வைத்திருப்பதால், மலையிலிருந்து இறங்கும் எஸ்டேட் ஜீப்புகளும், மலையேறும் முன் ஒருமுறை பார்த்துவிடச் சொல்லும் டாக்சிகளும், ஊருக்குள் ஓடும் ஆம்னி வேன்களும், பைக்குகளும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன. கம்ப்ரஷன் டெஸ்ட் செய்து சீட்டில் எண்களை எழுதிக் கொடுத்ததும் வண்டிக்காரர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேயாக இருக்கின்றன. அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, விடைகளைத் தொகுத்திருக்கிறேன். தனியாகச் சொல்லாத இடங்களில் பெட்ரோல் என்ஜினையே குறிப்பிடுகிறேன். டீசலுக்குத் தனிக் கேள்வி உண்டு.

கம்ப்ரஷன் டெஸ்ட்டுன்னா சரியா எதை அளக்கறீங்க?

பிளக்கைக் கழற்றிய துளையில் கேஜைப் பொருத்திவிட்டு செல்ஃப் அடித்தால், பிஸ்டன் மேலே வரும்போது உள்ளே இருக்கும் காற்று நெருக்கப்படுகிறது. அப்போது எட்டிய உச்ச அழுத்தத்தை கேஜ் பிடித்து வைத்துக் காட்டும். அந்தக் காற்றை வெளியே விடாமல் காப்பவை மூன்று: சிலிண்டர் சுவரோடு உரசி நிற்கும் பிஸ்டன் ரிங்குகள், தத்தம் இருக்கையில் படிந்து மூடும் வால்வுகள், சிலிண்டர்கள் அடங்கிய பிளாக்குக்கும் அதன் மேல் மூடியாக உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட். இவற்றில் எது கசிந்தாலும் எண் இறங்கும்.

எனவே கேஜ் சொல்வது ‘கசிகிறது’ என்பதை மட்டுமே. எங்கே கசிகிறது என்பதை அது சொல்லாது. இடத்தைக் கண்டுபிடிக்க, எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டும் முள் ஏறும் விதத்தைக் கவனித்தும் பார்க்க வேண்டும்.

எத்தனை வந்தா நல்லது? ஒரே நம்பரா சொல்லுங்களேன்.

எல்லா வண்டிக்கும் பொருந்தும் ஒரே எண் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் கார் என்ஜின்கள் பெரும்பாலும் 130 முதல் 200 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்னும் அழுத்த அலகு) வரை காட்டும். பழைய, கம்ப்ரஷன் ரேஷியோ (பிஸ்டன் கீழே இருக்கும்போது உள்ள இடம், உச்சியில் மிஞ்சும் இடத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) குறைந்த என்ஜினுக்கு 130 என்பது நல்ல அளவு. 190 காட்ட வேண்டிய புதிய என்ஜினில் அதே 130 வந்தால் அது நோய். 100 பிஎஸ்ஐக்குக் கீழே இறங்கிய சிலிண்டர் எந்தக் காரிலும் ஒழுங்காக வேலை செய்வது கடினம். உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளர் வெளியிட்ட சர்வீஸ் புத்தகத்தில் இயல்பான அளவு, குறைந்தபட்ச அளவு, சிலிண்டர்களுக்கிடையே அனுமதிக்கப்படும் வித்தியாசம் என்று மூன்று எண்கள் இருக்கும். அந்த மூன்றையும் பார்க்காமல் முடிவு சொல்வது சரியன்று.

அலகையும் கவனிக்க வேண்டும். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ, சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ என்பது 14.2 பிஎஸ்ஐ. புத்தகத்தில் 12 என்று கிலோவில் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, கேஜில் 170 வருகிறதே என்று பதறி வந்தவர்கள் உண்டு. இரண்டும் ஒரே அளவுதான்.

என் வண்டியோட கம்ப்ரஷன் ரேஷியோ 10-க்கு 1. காத்தோட அழுத்தம் 14.7. அப்போ 147 தானே வரணும்? 175 காட்டுதே?

கணக்கு அவ்வளவு நேரானது அன்று. காற்றைச் சட்டென்று நெருக்கும்போது அது சூடாகிறது. சூடான காற்று கூடுதலாக அழுத்தும். வெப்பம் சிறிதும் வெளியேறாமல், பிஸ்டன் கீழே இருக்கும்போதே காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு மூடியிருந்தால் 10-க்கு 1 என்ஜினில் 300 பிஎஸ்ஐயைத் தாண்டியிருக்க வேண்டும். உண்மையில் சிலிண்டர் சுவர் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகுதான் இன்டேக் வால்வு மூடுவதால் கொஞ்சம் காற்று வந்த வழியே திரும்பியும் விடுகிறது. இந்த இழுபறிக்குப் பின் மிஞ்சுவதுதான் 175. ஒரே ரேஷியோ கொண்ட இரண்டு என்ஜின்களில் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் கேம் வேறாக இருந்தால் அளவும் வேறாகவே வரும். ஆகவே ரேஷியோவைப் பெருக்கிப் பார்த்து வண்டியை எடைபோட வேண்டாம்.

டெஸ்ட் சரியாத்தான் எடுத்தாங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?

அருகில் நின்று பார்த்தால் தெரியும். என்ஜின் ஓடிச் சூடாக இருக்க வேண்டும். காலையில் வந்து நின்ற குளிர்ந்த வண்டியில் எடுத்த அளவை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. எல்லாப் பிளக்குகளும் கழற்றப்பட்டிருக்க வேண்டும். ஒன்றை மட்டும் கழற்றி அளந்தால், மற்ற சிலிண்டர்களின் கம்ப்ரஷனை எதிர்த்துச் சுற்ற வேண்டியிருப்பதால் செல்ஃப் மெதுவாகும், எண் இறங்கும். பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். இக்னிஷன் காயிலின் இணைப்பையும் இன்ஜெக்டர் இணைப்பையும் கழற்றியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே பீறிடும் பெட்ரோல் ஆவியில் தீப்பொறி பட வாய்ப்பு உண்டு.

பலர் மறப்பது ஆக்ஸிலேட்டரை. ஆக்ஸிலேட்டரோடு திறந்து மூடும் காற்றுக் கதவான த்ராட்டில் முழுவதும் திறந்திருந்தால்தான் சிலிண்டருக்குள் வேண்டிய காற்று போகும். மூடிய த்ராட்டிலோடு எடுத்தால் நல்ல என்ஜினும் எல்லாச் சிலிண்டரிலும் குறைத்துக் காட்டும். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளில், இணைப்புகளைக் கழற்றிய நிலையில் பெடலை மிதித்தாலும் த்ராட்டில் திறக்காமல் போகலாம். ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிக் கண்ணால் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு. சில பைக் கார்புரேட்டர்களில் கேபிள் இழுத்தால் பட்டாம்பூச்சித் தகடு மட்டும் திறக்கும்; வெற்றிடத்தால் மேலெழ வேண்டிய ஸ்லைடு கீழேயே நிற்கும். அதைக் கையால் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

பிறகு ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில், ஐந்து அல்லது ஆறு அடி (பிஸ்டன் காற்றை நெருக்கும் ஒவ்வொரு தடவையும் ஓர் அடி) கொடுக்க வேண்டும். முதல் சிலிண்டருக்கு நான்கு, சந்தேகப்படும் சிலிண்டருக்கு பத்து என்று அடித்தால் கசியும் சிலிண்டரும் ஒருவாறு மேலேறி வந்து நல்லதுபோல் காட்டிவிடும்.

ஒரு மெக்கானிக் 150-ங்கறார், இன்னொருத்தர் 120-ங்கறார். ஒரே பைக். யாரை நம்பறது?

இருவரும் உண்மையையே சொல்லியிருக்கக் கூடும். முதலில் கேஜின் ட்யூபைப் பாருங்கள். திரும்பி வராமல் தடுக்கும் சிறிய வால்வு, பிளக் துளைக்குள் திருகும் முனையிலேயே இருக்க வேண்டும். அது மேலே கேஜ் அருகில் இருந்தால், ட்யூபுக்குள் இருக்கும் இடமும் சிலிண்டரின் பகுதியாகிவிடுகிறது.

சிறிய என்ஜினில் இது பெரிய வித்தியாசம். 100 சிசி பைக், ரேஷியோ 9 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்த பின் மிஞ்சும் இடம் 12.5 சிசி மட்டுமே. உள் விட்டம் 4 மில்லிமீட்டரும் நீளம் 30 சென்டிமீட்டரும் உள்ள ட்யூப் ஏறத்தாழ 3.8 சிசி கொள்ளும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ரேஷியோ 9-லிருந்து 7 அளவுக்கு இறங்கிவிடுகிறது. காரில் இதே ட்யூப் சிறு பிழையோடு நிற்கும். பைக்கில் இல்லாத நோயைக் காட்டும். இது போக, ரப்பர் முனையைக் கையால் அழுத்திப் பிடிக்கும் கேஜைவிட, திருகிப் பொருத்தும் கேஜ் நம்பத்தக்கது. ஒரே வண்டியைக் காலம் விட்டு ஒப்பிட வேண்டுமானால் ஒரே கேஜில் எடுங்கள்.

ஏற்காட்டுல எடுத்தப்ப 145, சேலத்துல எடுத்தா 168. இறங்கி வரும்போதே என்ஜின் சரியாயிடுச்சா?

என்ஜின் மாறவில்லை, காற்று மாறியது. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். சேலத்தில் காற்றழுத்தம் சுமார் 980 மில்லிபார் என்றால், ஏற்காட்டில் சுமார் 845. ஒவ்வொரு உறிஞ்சலிலும் சிலிண்டருக்குள் போகும் காற்றே 14 சதவீதம் குறைவு என்பதால், கேஜ் எண்ணும் அதே விகிதத்தில் இறங்கும். சேலத்தில் 170 காட்டும் என்ஜின் மேலே 146, 147 காட்டுவது இயல்பு.

எனவே நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ வைத்து அளந்த எண்ணைப் புத்தகத்தின் குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடும் முன், அதை 0.83-ஆல் வகுத்துக் கடல் மட்டத்து அளவாக்கிக்கொள்ளுங்கள். சேலத்து எண்ணை 0.97-ஆல் வகுத்தால் போதும். அந்தச் சிறு வித்தியாசத்தை நான் பொருட்படுத்துவதில்லை. உயரம் எல்லாச் சிலிண்டரையும் ஒரே அளவு குறைக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். மலைமேல் ஒரு சிலிண்டர் மட்டும் தனியாகக் குறைந்திருந்தால் அந்தப் பழியை மலை மேல் போட முடியாது.

சிலிண்டருக்குச் சிலிண்டர் எவ்வளவு வித்தியாசம் இருக்கலாம்?

பொதுவாகச் சொல்லப்படும் வரம்பு, மிகக் குறைந்த சிலிண்டர் மிக உயர்ந்த சிலிண்டரின் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது. ஆனால் பல தயாரிப்பாளர்கள் இதைவிடக் கண்டிப்பாக, 1 கிலோ, அதாவது சுமார் 14 பிஎஸ்ஐக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது என்கிறார்கள். இரண்டும் முரண் போலத் தெரியும். நான் எடுத்துக்கொள்ளும் முறை இது: 14-க்குள் இருந்தால் நிம்மதி, அதைத் தாண்டினால் குறித்து வைத்துக்கொண்டு சில மாதங்களில் மறுபடி அளப்பது, 75 சதவீதத்துக்குக் கீழே போனால் காரணத்தைத் தேடுவது.

சீட்டில் 172, 168, 120, 170 என்று இருந்தால் 172-இன் முக்கால் பங்கு 129. மூன்றாவது சிலிண்டர் அதற்கும் கீழே. இந்த வண்டி ஐடிலில் உதறும், ஏற்றத்தில் இழுவை இருக்காது. இன்னொரு சீட்டில் 134, 131, 130, 133 என்று இருந்தால், அளவு குறைவானாலும் நான்கும் சேர்ந்து தேய்ந்த என்ஜின் அது. உதறாமல் நிதானமாக ஓடும். முதல் வண்டியின் சராசரிதான் அதிகம். முதலில் பிரிக்க வேண்டியதும் அதைத்தான்.

முள் மெதுவா ஏறுது, வேகமா ஏறுதுன்னு பேசிக்கறீங்களே, அது என்ன?

கடைசி எண்ணைவிட முதல் அடியின் எண் சில சமயம் அதிகம் பேசும். நல்ல சிலிண்டரில் முதல் அடியிலேயே முள் பாதி அளவைத் தாண்டிவிடும். அடுத்த மூன்று நான்கு அடிகளில் உச்சத்தை எட்டி நிற்கும். ரிங் தேய்ந்த சிலிண்டரில் முதல் அடி தாழ்வாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகும், எனினும் முழு அளவை எட்டாது. வால்வு கசிந்தால் முதல் அடியும் தாழ்வு, அதன் பின்னும் முள் பெரிதாக நகராது. கேஸ்கெட் கசிவும் கிட்டத்தட்ட இப்படித்தான் நடந்துகொள்ளும்.

இதைக் கவனிக்க இருவர் வேண்டும். ஒருவர் செல்ஃப் அடிக்க, ஒருவர் முள்ளை மட்டும் பார்க்க. முதல் அடி எண்ணையும் கடைசி எண்ணையும் 60/150 என்பதுபோல் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஆயில் விட்டுப் பாக்கறது எதுக்கு? 20 பாயின்ட் ஏறுச்சு, ரிங் போச்சுன்னு சொல்லிட்டாங்க.

குறைந்த சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி என்ஜின் ஆயிலை விட்டு, இரண்டு சுற்று சுற்றிப் பரவவிட்டு மறுபடி அளப்பதே இந்த முறை. ஆயில் ரிங்குகளைச் சுற்றியுள்ள இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். எண் நன்றாக ஏறினால் கசிவு ரிங் பக்கம். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட் பக்கம்.

ஆனால் ‘நன்றாக’ என்பது எவ்வளவு? ஆயிலுக்கே ஓர் இடம் வேண்டும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. 800 சிசி, மூன்று சிலிண்டர் காரில் ஒரு சிலிண்டர் ஏறத்தாழ 265 சிசி. ரேஷியோ 10 என்றால் உச்சியில் மிஞ்சும் இடம் 29 சிசி சொச்சம். அதில் 5 சிசியை ஆயில் பிடித்துக்கொண்டால் ரேஷியோ தானாகவே 12-ஐ நெருங்கிவிடும். ரிங் புத்தம் புதிதாக இருந்தாலும் அப்போது எண் ஏறத்தான் செய்யும். ஆகவே 120 என்பது 140 ஆனதை வைத்து ரிங் என்று தீர்ப்பு எழுதக் கூடாது. அதே அளவு ஆயிலை நல்ல சிலிண்டர் ஒன்றிலும் விட்டுப் பாருங்கள். அங்கும் 20 ஏறினால் உங்கள் 20-க்குப் பொருள் இல்லை. நல்லதில் 20-உம் கெட்டதில் 50-உம் ஏறினால் அது ரிங்தான்.

100 சிசி பைக்கில் 5 மில்லி என்பது மிக அதிகம்; ஒன்றிரண்டு மில்லி போதும். சிலிண்டர் படுத்த நிலையில் இருக்கும் பைக்குகளிலும், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் என்ஜின் சாய்ந்திருக்கும் வேன்களிலும் ஆயில் தாழ்ந்த பக்கமாகத் தேங்கிவிடுவதால் இந்தச் சோதனை பாதி உண்மையைத்தான் சொல்லும்.

வால்வுதான்னு தெரிஞ்சிடுச்சு. ஹெட் இறக்கிட வேண்டியதுதானா?

அதற்கு முன் டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வின் முனைக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விட வேண்டிய சிறு இடைவெளியை, அளக்க வேண்டும். வால்வும் அதன் இருக்கையும் தேயத் தேய வால்வு மேலே ஏறி வரும். அப்போது டேப்பட் இடைவெளி குறைந்து, ஒரு கட்டத்தில் இல்லாமலே போகும். இடைவெளி இல்லாத வால்வு சூட்டில் நீளும்போது முழுவதும் மூடாது, எண் இறங்கிவிடும். டேப்பட்டைச் சரிசெய்து மறுபடி அளந்தால் பழைய அளவு திரும்பிவிடுவதும் உண்டு. ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து முடிக்கிற வேலைக்கு ஹெட்டைக் கழற்றிக் காசு கொடுக்க வேண்டாம்.

எல்பிஜியில் ஓடும் வேன், ஆட்டோக்களில் இதை நான் முதல் வேலையாகவே பார்க்கிறேன். எரிவாயு உலர்ந்து எரிவதால், அதற்கென்று செய்யப்படாத வால்வு இருக்கைகள் விரைவாக உள்வாங்கிப் போகும். டேப்பட் சத்தமே இல்லை, வண்டி அமைதியாக ஓடுகிறது என்று ஓட்டுநர் மகிழ்ந்துகொண்டிருப்பார். அந்த அமைதிதான் ஆபத்தின் அடையாளம். ஆனால் இடைவெளி இல்லாமலே நீண்ட நாள் ஓடியிருந்தால் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் கருகியிருக்கும். அப்போது டேப்பட்டைத் திருத்தியும் எண் ஏறாது. ஹெட் இறக்கித்தான் ஆக வேண்டும்.

பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டர் மட்டும் குறைஞ்சிருக்கு. ரெண்டும் ஒரே நேரத்துல எப்படிப் போகும்?

165, 95, 90, 168 என்பது போன்ற சீட்டு, கேஸ்கெட்டை நோக்கி விரல் நீட்டுகிறது. இரண்டு சிலிண்டர்களுக்கும் நடுவில் கேஸ்கெட் ஒரு குறுகிய பட்டைதான். அது எரிந்துபோனால் ஒன்றில் நெருக்கப்படும் காற்று மற்றதற்குள் பாயும். எனவே இரண்டும் ஒன்றாகவே இறங்கும். ஆயில் விட்டாலும் மாற்றம் இருக்காது.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஆட்கள் நிறைந்த வண்டியோடு முதல், இரண்டாம் கியரிலேயே ஏறி, டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போன பின்னும் நிறுத்தாமல் மேலே போய்ச் சேர்ந்த வண்டிகளில் இதைப் பார்க்கலாம். அத்தகைய வண்டியில் கேஸ்கெட்டை மட்டும் மாற்றினால் மறுபடி எரியும். ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்கோல் வைத்துப் பார்த்து, தேவையானால் ஃபேஸிங் அடித்த (மெஷினில் செதுக்கிச் சமமாக்கிய) பிறகே பூட்ட வேண்டும். கேஸ்கெட் சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவில் எரிந்திருந்தால் கம்ப்ரஷன் எண் ஏறக்குறைய சரியாகவே இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி, ரேடியேட்டரில் எழும் குமிழியும் காரணமின்றிக் குறையும் கூலன்ட்டும்தான்.

நாலுமே ஒரே மாதிரி குறைவு. என்ஜின் வேலை செய்யணுமா?

முதலில் டெஸ்ட்டைச் சந்தேகியுங்கள்: த்ராட்டில், பேட்டரி, குளிர்ந்த என்ஜின், கேஜ், உயரம். அடுத்து, அண்மையில் டைமிங் பெல்ட் அல்லது செயின் மாற்றினீர்களா என்று யோசியுங்கள். ஒரு பல் தள்ளிப் பூட்டியிருந்தால் இன்டேக் வால்வு மூடும் நேரம் தவறி, எல்லாச் சிலிண்டரும் சேர்ந்து இறங்கும். வேலை செய்து வந்த நாளிலிருந்துதான் இழுவை இல்லை என்றால் ரிங்கைப் பற்றிய பேச்சே வேண்டாம்.

நீண்ட காலம் நிறுத்தி வைத்த வண்டியிலும், பலமுறை செல்ஃப் அடித்தும் எடுக்காமல் பெட்ரோல் ஊறிப்போன என்ஜினிலும், சிலிண்டர் சுவரின் ஆயில் படலம் கழுவப்பட்டு எண் தாழ்ந்து காட்டும். அத்தகைய வண்டியை ஓட்டிச் சூடேற்றி மறுபடி அளக்க வேண்டும். இவை எதுவும் இல்லை, ஆயில் விட்டால் நான்கும் நன்றாக ஏறுகின்றன என்றால்தான் அது உண்மையான தேய்மானம்.

ஒரு சிலிண்டர்ல சுத்தமா ஜீரோ. பிஸ்டன் ஓட்டையா?

அதுவும் ஒரு வாய்ப்பு, ஆனால் முதல் வாய்ப்பு அன்று. பிளக்கைக் கழற்றும்போது உதிர்ந்த கார்பன் துணுக்கு ஒன்று வால்வின் இருக்கையில் சிக்கினாலும் முள் அசையாது. பிளக்கைத் திருப்பி மாட்டிச் சற்று ஓட்டியபின் அளந்தால் இது தெரிந்துவிடும். வால்வு வளைந்திருக்கலாம், வால்வைத் தள்ளும் ராக்கர் இடம் நழுவியிருக்கலாம். இன்டேக் வால்வு திறக்கவே இல்லை என்றாலும் ஜீரோதான் வரும். அங்கே கசிவு எதுவும் இல்லை, நெருக்கக் காற்றுதான் இல்லை. எனவே வால்வு கவரைத் திறந்து, என்ஜினைக் கையால் சுற்றி, எல்லா வால்வும் ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை.

புக்குல 180, எனக்கு 215 வருது. நல்ல என்ஜின்தானே?

மகிழ வேண்டாம். பிஸ்டன் தலையிலும் ஹெட்டிலும் கார்பன் படிந்து இடம் குறுகியிருக்கலாம். ஆயில் உள்ளே இறங்கியிருக்கலாம். ஹெட்டை முன்பே ஃபேஸிங் அடித்து உயரம் குறைந்திருக்கலாம். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது என்ஜின் தட்டினால் முதல் காரணத்தையே நினைக்க வேண்டும்.

ஆயில் குடிக்குது, நீலப் புகை வருது. ஆனா கம்ப்ரஷன் நல்லாருக்கு. எது பொய்?

இரண்டும் உண்மை. பிஸ்டனில் மேலே இருக்கும் இரண்டு ரிங்குகள் காற்றைத் தடுக்கின்றன; கீழே இருக்கும் ஆயில் ரிங் சுவரில் உள்ள ஆயிலை வழித்து இறக்குகிறது. ஆயில் ரிங் மட்டும் கசடில் ஒட்டிக்கொண்டால் ஆயில் மேலே ஏறும், கம்ப்ரஷன் குறையாது. வால்வின் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீல் காய்ந்துபோனாலும் அப்படித்தான். காலையில் எடுத்தவுடனும், நீண்ட இறக்கத்துக்குப் பின் ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போதும் மட்டும் புகை வந்தால் சீலைப் பாருங்கள். அடிவாரத்துக்கு இறங்கி வந்து சமவெளியில் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் இடம் இதற்கு நல்ல சோதனை. இது போதாதென்று, உள்ளே இறங்கும் ஆயில் கம்ப்ரஷன் எண்ணையும் தூக்கிக் காட்டும். முன்னே சொன்ன ஆயில் சோதனையை அந்த என்ஜின் தானே செய்துகொள்கிறது.

பேக் கம்ப்ரஷன் அடிக்குதுன்னு மூடியைத் திறந்து காட்டறாங்க. அதை வச்சு முடிவு பண்ணலாமா?

ரிங்குகளைத் தாண்டி என்ஜினின் அடிப்பகுதிக்குள் கசியும் காற்றைத்தான் பேக் கம்ப்ரஷன் என்கிறார்கள். ஆயில் மூடியைத் திறந்தால் எந்த என்ஜினிலும் கொஞ்சம் புகையும் துடிப்பும் வரும். ரிங்குகள் முழுவதும் அடைப்பவை அல்ல. மூடியைக் கவிழ்த்து வைத்தால் தூக்கி எறியும் அளவுக்கு ஊதினால் சந்தேகப்படலாம். அப்போதும் அந்தக் காற்றை இன்டேக் பக்கம் வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கேஜ் வைத்து உறுதிசெய்ய வேண்டும். மூடியைக் காட்டி மட்டும் என்ஜின் வேலைக்கு விலை பேசுகிறவரிடம் சீட்டைக் கேளுங்கள்.

எல்லா எண்ணும் சரி. ஆனாலும் ஒரு சிலிண்டர் ஒழுங்கா அடிக்கல. ஏன்?

பிளக், காயில், இன்ஜெக்டர் ஆகியவற்றைக் கம்ப்ரஷன் டெஸ்ட் தொடுவதே இல்லை என்பது ஒரு காரணம். மற்றொன்று, செல்ஃப் வேகத்தில் தெரியாத கோளாறுகள். தேய்ந்த கேம் லோப் (கேமில் வால்வைத் தள்ளும் புடைப்பு) வால்வைப் பாதிதான் திறக்கும். வலுவிழந்த வால்வு ஸ்பிரிங் வேகத்தில்தான் தோற்கும். மெதுவாகச் சுற்றும்போது காற்று நிரம்ப நேரம் கிடைப்பதால் இவை மறைந்துவிடும். அந்தச் சிலிண்டரின் பிளக்கை மட்டும் கழற்றி, அதன் காயிலையும் இன்ஜெக்டரையும் துண்டித்து, மற்றவற்றில் என்ஜினை ஓடவிட்டு அளந்தால் ஐடிலில் சுமார் 50 முதல் 75 பிஎஸ்ஐ வர வேண்டும். நல்ல சிலிண்டரில் வருவதைவிடக் கணிசமாகக் குறைந்தால் காற்று உள்ளே போகவில்லை என்று பொருள்.

கசிவின் இடத்தையே அறிய வேண்டுமானால் லீக் டெஸ்ட் சிறந்தது. பிஸ்டனை உச்சியில், இரு வால்வுகளும் மூடிய நிலையில் நிறுத்தி, பிளக் துளை வழியாக கம்ப்ரஸர் காற்றைச் செலுத்திக் காது கொடுத்துக் கேட்பார்கள். ஆயில் மூடியில் சத்தம் வந்தால் ரிங். சைலன்ஸரில் வந்தால் எக்ஸாஸ்ட் வால்வு. ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் இன்டேக் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். காற்றின் வேகத்தில் என்ஜின் திடீரென்று சுழலக் கூடும் என்பதால் கிராங்க்கில் ஸ்பேனரை மாட்டியபடி விடக் கூடாது.

எஸ்டேட் டீசல் ஜீப்புக்கும் இதே கணக்குதானா?

இல்லை. டீசலில் தீப்பொறி கிடையாது. நெருக்கிய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். ஆகவே 300 முதல் 450 பிஎஸ்ஐ, அதாவது 20 முதல் 31 பார் வரை வருவது சாதாரணம். பெட்ரோல் கேஜை மாட்டினால் அது உடைந்துபோகும். க்ளோ பிளக் (ஸ்டார்ட் செய்யும் முன் உள்ளே சூடேற்றும் பிளக்) அல்லது இன்ஜெக்டர் துளையில் பொருந்தும் டீசல் கேஜ் வேண்டும். டீசல் வரத்தையும் துண்டிக்க வேண்டும். ஆயில் விட்டுப் பார்ப்பதை டீசலில் தவிர்த்துவிடுங்கள்: 600 சிசி சிலிண்டரில் ரேஷியோ 20 என்றால் உச்சியில் மிஞ்சும் இடம் 32 சிசிதான், அதில் ஆயில் சேர்ந்தால் எண் பொய்யாக உயரும், ஆயில் கூடிப்போனால் பிஸ்டன் முட்டிக் கனெக்டிங் ராடே வளையலாம்.

மார்கழி, தை மாதக் காலையில் மலைமேல் ஸ்டார்ட் ஆகாமல் மக்கர் செய்கிற ஜீப், சேலத்தில் வந்து நின்றால் ஒரே செல்ஃபில் எடுப்பதை எஸ்டேட் ஓட்டுநர்கள் நன்கு அறிவார்கள். மேலே காற்றும் மெல்லியது, குளிரும் கூட. செல்ஃபும் மெதுவாகச் சுற்றும். நல்ல கம்ப்ரஷன் உள்ள வண்டி அதைத் தாங்கிவிடும். வரம்பில் நிற்கும் வண்டி தாங்காது. க்ளோ பிளக்கும் பேட்டரியும் சரியாக இருந்தும் இப்படிச் செய்தால் கம்ப்ரஷனை அளக்கும் நேரம் வந்துவிட்டது. அதைத் தள்ளிப்போட ஈதர் ஸ்பிரே அடித்து எடுக்கும் பழக்கம் க்ளோ பிளக் உள்ள என்ஜினில் ஆபத்தானது.

புல்லட்ல 70 தான் காட்டுது, ஆனா வண்டி பறக்குது?

பெரிய ஒற்றைச் சிலிண்டர் என்ஜின்களில், செல்ஃபுக்குப் பாரம் குறைய, மெதுவாகச் சுற்றும்போது எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே திறந்து வைக்கும் தானியங்கி டீகம்ப்ரஷன் அமைப்பு கேமில் இருக்கும். ஓடத் தொடங்கியதும் அது விலகிக்கொள்ளும். செல்ஃப் வேகத்தில் அளப்பதால் கேஜ் தாழ்ந்துதான் காட்டும். இத்தகைய பைக்குகளில் புத்தகத்தின் அளவோடு ஒப்பிடுங்கள், அல்லது முன்னே சொன்ன லீக் டெஸ்ட்டைச் செய்யுங்கள்.

ஒரு சிலிண்டர் குறைவுன்னு தெரிஞ்சும் வண்டி ஓடிட்டுத்தான் இருக்கு. எவ்வளவு நாள் ஓட்டலாம்?

எது கசிகிறது என்பதைப் பொறுத்தது. ரிங் தேய்மானம் என்றால் ஆயில் அளவை வாரந்தோறும் பார்த்து ஊற்றிக்கொண்டு, பணம் சேரும் வரை ஊருக்குள் ஓட்டலாம். அது மெல்ல வளரும் கோளாறு. எக்ஸாஸ்ட் வால்வு என்றால் தள்ளிப்போடுவது நட்டம்: இன்று வால்வு லேப்பிங்கோடு (வால்வையும் இருக்கையையும் தேய்த்துப் பொருத்துவதோடு) முடிவது, ஓரம் கருகிய பின் புது வால்வும் இருக்கை மாற்றமும் கேட்கும், துண்டு உடைந்து விழுந்தால் பிஸ்டனும் போகும். கேஸ்கெட் என்றால் ஓட்டவே வேண்டாம். குறிப்பாக, அந்த வண்டியோடு மலையேற வேண்டாம். கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கி நின்றால், அடுத்த நாள் காலை செல்ஃப் அடிக்கும்போதே கனெக்டிங் ராட் வளைந்துவிடலாம்.